இரண்டு காளியம்மாக்கள்

அன்று மதியம் டேப்லெட் திரையில் ஒரேயொரு காளியம்மாதான் இருந்தார். ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில் இருந்தவர்களோ இருவர். இருவருக்கும் கணவர் பெயர் குப்பன், இருவருமே கர்ப்பிணிகள்.

போளூரில் வீட்டிலிருந்தே ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. மலையூர்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் செயலியை நான்தான் எழுதினேன். அதில் ‘தாய்’ என்று ஒரு மாடல் கிளாஸ், அதாவது ஒருவரின் விவரங்களை வைக்கும் அச்சு. பெயர், கணவர் பெயர், ஊர், ரத்த வகை, பரிசோதனைகள் என்று ஒரு தாயைப் பற்றிய எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்திருந்தேன். முதல் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பது நான் வைத்த விதி. எழுதியபோது அது கச்சிதமாகவே பட்டது.

செயலி எப்படி ஓடுகிறது என்று பார்க்க மலைக்குப் போயிருந்தேன். அந்த ஊர்களுக்கு ஸ்கூட்டியில் போய்வரும் நர்சம்மா டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார்.

“இன்னா சார் இது? மேல்வூட்டு காளியம்மா ஓ நெகட்டிவ். பி பாசிட்டிவ்னு காட்டுது.”

“நீங்க மாத்திப் பதிஞ்சிருப்பீங்க” என்றேன். யோசிக்காமல் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அவர் கோபப்படவில்லை. “ஓடையண்ட வூட்டு காளியம்மாவ நேத்து ஏத்துனேன். அதுலேர்ந்து மேல்வூட்டு காளியம்மாவக் காணோம். பாருங்க.”

பார்த்தேன். என் விதி இருவரையும் ஒரே ஆளாக எடுத்து, ஓடையோரக் காளியம்மாவின் விவரத்தை மேல்வீட்டுக்காரரின் விவரத்தின்மேல் எழுதியிருந்தது. மேல்வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் பிரசவம். அரிய வகை ரத்தம், முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். அதற்கான பட்டியல் அன்று மாலை என் செயலியிலிருந்துதான் கீழே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“தப்பு என்னுதுதாங்க” என்றேன். நர்சம்மா தலையசைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ரத்த வகையைச் சொன்னார். நான் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து செயலியைத் திருத்தினேன். பதியும்போதே ஒவ்வொருவருக்கும் தனி எண். பரிசோதனைகளுக்குத் தனி கிளாஸ். புதிய விவரம் பழையதை அழிக்காமல் அதன்கீழ் சேரும். இனி பெயர் வெறும் தகவல்தான், அடையாளமல்ல.

“ரெண்டு பேர்ல யார் யாருன்னு உங்களுக்குக் குழம்பாதா?” என்று நடுவில் கேட்டேன்.

“அவங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்க சார். எதுக்குக் குழம்பணும்?” என்றார், என் கேள்வியே புரியாதவர் போல.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். மேல்வீட்டுக் காளியம்மாவுக்குப் பெண் குழந்தை. ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கிறது; தயாராக இருந்திருக்கிறது. தாயும் சேயும் நலம்.

“கொழந்தையப் பதிஞ்சிட்டேன் சார். பேரு இன்னும் வெக்கல. பேர் இல்லாமலே ஏத்துக்கிச்சு!” என்று சிரித்தார்.

திரையில் போய்ப் பார்த்தேன். பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. குழந்தை இருந்தது.