ஐசக்கின் மேல் இருந்த கல்வெட்டு

மார்த்தாள் வாயைத் திறந்தால் ஏரிக்கரையில் மேய்கிற மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு குரல். ஐம்பத்தொன்பதில் உத்திரமேரூர்ப் பக்கம் கல்வெட்டுகளைப் படி எடுக்க நாங்கள் முகாம் போட்டிருந்தபோது, தண்ணீர் சுமக்கக் கூலிக்கு வந்தவள்.

கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, பிரஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மசி ஒற்றுவோம். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வரும். எத்தனையோ ஊரில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். இன்றும் ஏங்க வைப்பது அந்த முகாமின் மார்கழி வெயில்தான். எங்கள் ஆராய்ச்சியாளர் வேதாசலம் சார் எதற்கெடுத்தாலும் கத்துவார். அவர் நகர்ந்ததும் மார்த்தாள் அவரைப் போலவே கத்திக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒருநாள் மதகுக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தோம். குடத்தை இறக்கியவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார், இதுக்கா இவ்ளோ பேஜாரு? இந்த மாதிரி கீறலு எங்க வூட்டுக்காரரு மேலயும் கீது."

சார் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

அவள் புருஷன் ஐசக் ஏரி மண் வெட்டிப் பிழைத்தவர். சில வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். பேர் பொறித்துக் கல் வைக்க வசதி ஏது? மதகோரம் கிடந்த பலகைக் கல்லை உறவுக்காரர்கள் உருட்டி வந்து கல்லறைமேல் கிடத்தினார்கள். கீறல் விழுந்த பக்கம் லட்சணமாக இல்லையென்று அதைக் குப்புறப் போட்டு, வழவழப்பான பக்கத்தை மேலே வைத்தார்கள். செத்தவருக்கு அவர்களால் முடிந்த மரியாதை.

சார் அன்றைக்கே ஆள் வைத்துப் புரட்டினார். கீறலா அது! சோழர் காலத்து எழுத்து, முத்து முத்தாக. ராஜா பேரில் தொடங்கி, ஏரியில் தூர் எடுக்க யாரோ நெல் கொடுத்த செய்தி. தாள் விரித்து மசி ஒற்றி முடித்ததும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "மியூசியத்துல இருக்க வேண்டிய கல். மெட்ராஸுக்கு லாரியில ஏத்திடலாம்" என்றார்.

மார்த்தாளின் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான்.

"அதுல அவுரு பேரு கீதா சார்?"

"இல்லம்மா. அவருக்குத் தொள்ளாயிரம் வருஷம் முந்தி வெட்டினது."

"பேரும் இல்ல, கல்லும் இல்லன்னா எது எங்க ஆளுன்னு எனக்கே தெரியாம பூடுமே. ஞாயித்துக்கெயம நான் எங்க போயி குந்துவேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படிதான் கிடைச்சிடுச்சே சார், கல் எதுக்கு?" என்று கேட்டே விட்டேன். சார் முறைத்தார். தாள் காய்ந்து உரிகிற வரை கல்லறைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "கல்லை இருந்த இடத்துலயே வைங்க" என்றார். நல்ல மனுஷன்தான், வாய்தான் அப்படி.

எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று மார்த்தாளைக் கேட்டோம். எழுத்துப் பக்கத்தைக் காட்டினாள். "பாக்கறவங்க அவுரு பேருன்னு நெனச்சிக்கினு போவட்டும்."

ஆராய்ச்சிக் குறிப்பில், கல் சொல்வதை எழுதியபின் அது எங்கே இருக்கிறது என்றும் எழுதியாக வேண்டும். அது வழக்கம். அறுபத்தொன்றில் அச்சாகி வந்ததைப் பார்த்தேன். "ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில், ஐசக் என்பவரின் கல்லறைமேல் உள்ளது" என்று சார் எழுதியிருந்தார். புத்தகத்தோடு பஸ் ஏறினேன்.

மார்த்தாள் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்தாள்.

"புஸ்தகத்துலயா? அவுரு பேரா?"

"ஆமாம்மா. மேல ராஜா பேரு. கொஞ்சம் தள்ளிக் கீழே உங்க வீட்டுக்காரர் பேரு."

"பரவால்ல சார். பெரிய மனுசங்க இருந்தா அவுரு எப்பவும் தள்ளிதான் நிப்பாரு."

நான் ஐசக் பேர் இருந்த வரியைப் பக்கத்து வயலுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன்.