பால் தொட்டிக்குக் கேட்ட மூடி

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றும் தடுமாற்றம். ஈயம் பற்றவைத்துச் சூடுபட்ட விரல்களில் பேனா நிற்பதில்லை. வேறொருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில், கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பட்டறை ஆள். ஒழுகும் வாளியை அடைப்பது, தகரம் வெட்டுவது என் வேலை. காட்டுக்குள் இருந்த ஆயுதக்காரர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலி வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். ஒரு பிடி சோறு வாசலைத் தாண்டினாலும் சிறை.

அந்த நேரத்தில்தான் பால் கெட ஆரம்பித்தது. மரத்தில் வெட்டிய பாலை வாளிகளில் கொண்டுவந்து பால் கொட்டாயில் உள்ள பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். லாரி வந்து எடுத்துப்போகும்வரை அது தண்ணீர்போல இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், லாரி வருவதற்குள் கட்டி கட்டியாக உறைந்துபோனது. யாரோ வேண்டுமென்றே தொட்டியில் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். தொட்டிக்குப் பொறுப்பு என் மச்சான், என் மனைவியின் அண்ணன். சனிக்கிழமைக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் தொட்டிக்காரனையே கொண்டுபோவோம் என்று போலீஸ் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அப்போது கொண்டுபோனால் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். எப்போது திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பட்டறைக்கு வந்தார்.

“தொட்டிக்கு ஒரு மூடி, பூட்டோட. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரு லா. தொரை உத்தரவு.”

“சரிங்கையா” என்றேன். தகரத்தையும் விரித்தேன். ஆனால் வெட்டுக் கத்திரியை எடுக்க மனம் வரவில்லை. ஓட்டை வாளி கொண்டுவருபவர்கள் “இந்த இடத்துல பத்தவை” என்றுதான் விரலால் காட்டுவார்கள். நான் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். ஒழுகும் இடம் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். இந்த மூடி மேலேயிருந்து ஒரு கை உள்ளே போகாமல் தடுக்கும். ஒரு கை போனதை யார் பார்த்தார்கள்?

தொட்டியை அளக்கும் சாக்கில் கொட்டாய்க்குப் போனேன். புதன்கிழமையும் போனேன்.

“என்ன மாப்ள, மூடிக்கு அளக்குறியா, எனக்குப் பெட்டி செய்ய அளக்குறியா?” என்றான் மச்சான். சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

“தொட்டியத்தான் மச்சான். பால் எத்தன மணிக்கு உறையுது?”

“எத்தன மணியா? ஊத்தும்போதே சில வாளியில திப்பி திப்பியா வருது.”

“இத யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னேனே. ‘ஆசிட்ட எங்க ஒளிச்சு வெச்சிருக்க’ன்னு கேட்டாங்க. அதோட வாய மூடிக்கிட்டேன். நீ செய்யுற மூடிய எனக்கே போட்டுவிடு.”

வாளியிலேயே திப்பியாக வருகிறதென்றால் தொட்டிக்கு எதற்கு மூடி? வியாழக்கிழமை பத்துப் பதினைந்து சிரட்டைகளைக் கழுவி எடுத்துப்போனேன். ஒவ்வொருவர் வாளியிலிருந்தும் ஒரு சிரட்டை பால் மொண்டு, கரியால் எண் போட்டு வரிசையாக வைத்தேன். மச்சான் குச்சியை விட்டு அளந்துகொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. எந்த எண் யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மற்றவற்றில் பால் தண்ணீராக இருக்கும்போதே மூன்று சிரட்டைகள் உறைந்தன. முதலில் உறைந்தது நான்காம் எண். எடுத்து மோந்து பார்த்தேன். ஆசிட் வாசம் இல்லை. புளித்த கஞ்சி. எங்கள் வீட்டுச் சட்டியின் வாசம். நான்காம் எண் என் மனைவியின் வாளி.

வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“வாளியில கஞ்சி கொண்டுபோறியா?”

“இன்னும் சத்தமா கேளுங்க. வேலி வரைக்கும் கேக்கட்டும்.”

“வாசல்ல பாக்கலையா?”

“டார்ச் அடிச்சுப் பாப்பான். வெள்ளையாத்தானே இருக்கும்? நேத்துப் பால் கழுவுன தண்ணிம்பேன். மூக்கப் பொத்திக்கிட்டு போ போங்குறான். விடியக்காலம் போனா மத்தியானம் வரைக்கும் மரம் மரமா ஓடணும். வெறும் வயித்துல நீங்க ஒரு நாளைக்கு வெட்டிட்டு வாங்க, பாப்போம்.”

“குடிச்சிட்டு வாளியக் கழுவுறியா?”

“தண்ணி எங்க இருக்கு? கால்வாயில ஒரு அலசு, அவ்வளவுதான்.”

சிரட்டைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போயி ஒத்துக்கிடுறேங்க. அண்ணன விட்டுருவாங்கல்ல?”

“உன்னப் புடிப்பாங்க. உன்னோட இன்னும் ரெண்டு பேரையும் புடிப்பாங்க.”

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில், வெட்டாத தகரத்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வரி எழுதினேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புத்தி நிற்கும். ‘லாரி வரும்வரை பால் உறையக் கூடாது. யாரும் பிடிபடக் கூடாது.’ மூடி செய்தால் இரண்டும் நடக்காது. ஆளைக் காட்டிக் கொடுத்தால் முதல் வரி மட்டும் நடக்கும். இரண்டும் நடக்க வேண்டுமென்றால் வாளி வீட்டுக்கே போகக் கூடாது. அதுவரை யோசித்து நிமிர்ந்தால், வெள்ளைக்காரத் துரையும் கிராணியும் வாசலில் நின்றார்கள்.

துரை வெட்டாத தகரத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குச்சியால் காட்டிக் கேட்டார். அழிக்கலாம் என்று நினைத்தேன், கை வரவில்லை. கிராணி குனிந்து இரண்டு வரியையும் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘லாரி’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. பேசிக்கொண்டே அவர் உள்ளங்கையை இரண்டாவது வரியின் மேல் வைத்து நன்றாக ஊன்றிக்கொண்டார்.

அதற்குமேல் நான் பேசித்தான் ஆக வேண்டும். சிரட்டைகளைக் காட்டினேன். கெடுவது தொட்டியில் அல்ல, வாளியில் என்றேன்.

“வாளியில எப்படிக் கெடுதுன்னு தொரை கேக்குறாரு” என்றார் கிராணி.

“லயத்துத் தண்ணி சரியில்லைங்க. அதுல கழுவுறதுதான். வாளிய பால் கொட்டாயிலயே நல்ல தண்ணியில கழுவிக் கவுத்துட்டு, கைய வீசிக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்.”

நாளை ஒரு நாள் பார்க்கலாம் என்றார் துரை.

சனிக்கிழமை எல்லோரும் வெறுங்கையோடு வாசலைத் தாண்டினார்கள். பால் ஊற்றி முடிந்தது. லாரி வருவதற்கு முன்பே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி தானே குச்சியை வாங்கித் தொட்டிக்குள் விட்டார். மச்சான் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, போகத் தயாராக நின்றான். குச்சி சுத்தமாக மேலே வந்தது. இன்னொரு தடவை விட்டார். பால் சொட்டுச் சொட்டாக ஓடி விழுந்தது. குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மச்சான் படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை வந்தது. அது வீடு போய்ச் சேரும்வரை இருந்தது. என் மனைவி கடைசி ஆளாக வீட்டுக்கு வந்தாள். பக்கத்து நிரை மரங்களை வெட்டும் பெண் மரத்தடியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

“அண்ணன் தப்பிச்சிட்டான். நல்லது” என்றாள். “நீங்க தகரத்துல எழுதுனதாச் சொன்னீங்களே, அதுல வயிறு எங்க இருக்கு?”

அவள் சொன்னது சரி. கஞ்சி வாளிக்குள் ஏன் போனது என்பதை நான் எழுதவே இல்லை. திங்கட்கிழமை தகரத்தில் ‘யாரும் பசியோடு வெட்டக் கூடாது’ என்று மூன்றாவது வரி எழுதி, கிராணியை நானே தேடிப் போனேன். நானாக ஒருவரிடம் போய்ப் பேசியது அதுவே முதல் தடவை. பசித்த ஆள் பிந்தி வெட்டுகிற மரத்தில் பால் குறையும் என்று துரையிடம் சொல்லச் சொன்னேன். கருணை என்று சொல்ல வேண்டாம் என்றேன். இரண்டு வாரம் இழுத்தார்கள். பிறகு வேலிக்குள்ளேயே கஞ்சி காய்ச்சி, பூட்டிய டின்னில், காவல்காரர் துணையோடு ஒன்பது மணிக்குக் கொட்டாய்க்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. அங்கேயே குடிக்க வேண்டும், மிச்சத்தை அவர் கண்ணெதிரே கொட்ட வேண்டும். அந்த டின்னுக்குப் பூட்டு மூடியை, தொட்டிக்கென்று வாங்கிய தகரத்தில்தான் வெட்டினேன்.

மச்சானிடம் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு பழக்கம். ஆசிட் ஊற்றியது, வெட்டுக்காரர்களை வேலை வாங்கிய பழைய மண்டோர்தான் என்று அவனாக முடிவு செய்துகொண்டு, கடைசிவரை அந்த மனிதரோடு பேசவே இல்லை. போன மாதம் மச்சான் போய்விட்டான். சவம் எடுக்கும்போது அந்த மண்டோர் வந்தார். உள்ளே வராமல், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வெயிலில் நின்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அப்போதும் வாய் வரவில்லை. நாளைக்கு இந்தத் தாள்களை அவர் வீட்டில் கொடுக்கப் போகிறேன்.

மாட்டுப் பொங்கல், 1972.