நாங்கள் படியேற்றிய பளிங்கு வீரன்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். திருவிழாவில் முருகன் பல்லக்கைச் சுமந்தவன் நான். அதே தோளில் துணியில்லாத ஒரு சிலையையும் சுமந்தேன் என்றால் ஊரில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம்தான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஷார்ஜா தொழில்பேட்டையில் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் இருந்தேன். ஒரு நாள் கண்காட்சிக் கூடம் ஒன்றுக்கு எட்டுப் பேரை அனுப்பினார்கள். எல்லோரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள். அங்கே மரச்சட்டத்துக்குள் என் மார்பு உயரத்துக்கு ஒரு பளிங்கு வாலிபன் நின்றான். ஓட்டப்பந்தயக்காரனாம். காலை ஒட்டி ஒரு அடிமரமும் அதே கல்லில் செதுக்கியிருந்தது. கணுக்காலில் பழைய முறிவை ஒட்டிய கோடு. மேல்மாடிக்குப் போக வேண்டும். தள்ளுவண்டி படியேறாது, சட்டத்தில் கம்பு கோத்து நாங்கள்தான் தூக்க வேண்டும்.

"இடுப்புல ஒரு துண்டு கட்டிவிடலாமா?" என்றான் ஒருத்தன்.

சிலையோடு வந்த வெள்ளைக்கார அம்மா அந்தக் கணுக்கால் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை எங்கள் ஃபோர்மேன், கீழக்கரை பாய், தமிழில் சொன்னார். "கிரேக்கக்காரன் வெண்கலத்துல செஞ்சது இப்ப இல்லையாம். அதைப் பாத்து ரோமாக்காரன் கல்லுல செஞ்சது இது. கல்லுக்கால் தாங்காதுன்னுதான் மரத்தை ஒட்ட வச்சிருக்கான். சாஞ்சா கணுக்கால் போயிரும். அது போச்சுன்னா நம்ம வேலையும் கலாஸ்."

"அப்ப எங்க கோயிலுக்கு நேர்மாறு பாய். எங்களுக்கு மூலவர் கல்லு, உலா போறவர்தான் வெண்கலம்" என்றேன் நான்.

"உலா இருக்கட்டும். ஷூவெல்லாம் எங்கப்பா?"

அப்போதுதான் கீழே பார்த்தோம். கம்பைக் கண்டதும் எங்களை அறியாமலே சேஃப்டி ஷூவைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டிருந்தோம். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "சாமியா தூக்கப் போறீங்க? போடுங்கய்யா." போட்டுக்கொண்டோம்.

படி வரும்வரை எல்லோரும் தோளில் சுமந்தோம். படியில் முன்னால் போன நாங்கள் கம்பைக் கையில் தாழ்த்திப் பிடித்தோம், பின்னால் வந்தவர்கள் தோளுக்கு உயர்த்திக்கொண்டார்கள். சாமி சாயாமல் படியேறுவது அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குள் முருகா, முருகா என்று மட்டும் ஓடியது.

மேலே இறக்கியதும் அந்த அம்மா கணுக்காலை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எந்தக் காலத்திலோ எவரோ செதுக்கிய காலை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தினோமே என்ற பெருமை இன்றும் எனக்கு உண்டு.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குத் திரும்புவதற்குள் கதை மாறிவிட்டது. முருகா என்றதும் கல் பூவாட்டம் லேசாகிவிட்டதாம். படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால் அப்படிச் சொல்லாதீர்கள். கடைசிப் படிவரை அது கனத்தது. நாங்கள் தூக்கினோம், முருகன் பார்த்துக்கொண்டான். இவ்வளவுதான் நடந்தது, இப்படியே சொல்லுங்கள்.