விடுமுறை நாள் அறிவிப்பு

நெய்வேலிப் பக்கம் எந்த அலுவலகத்தில் போன் மக்கர் செய்தாலும் முதலில் ஹிதாயத்துல்லா பாயைத்தான் கூப்பிடுவார்கள். டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக அலைந்து ஒயர் இழுத்துப் பிழைப்பைத் தொடங்கியவர். பேச்சு மட்டும் வராது. பாய் வாயைத் திறப்பதற்குள் அவர் மாட்டிய மெஷினே நாலு வார்த்தை பேசிவிடும் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

அந்த மெஷின்களில் பேசியது அவர் மனைவி மிஸ்ரியா. ஆள் வைத்துக் குரல் பதிய எந்த முதலாளிக்கும் மனசு வராது. அதனால் பாயே வாசகம் எழுதிக் கொடுப்பார், மிஸ்ரியா மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படிப்பாள். கணீரென்ற குரல். அவளை நேரில் பார்த்திராத பலர் அந்தக் குரலுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

2014இல் வடக்குத்து கிராமத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி புதிய போன் பெட்டி வாங்கியது. மைன்ஸுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி அது. அவர்களிடம் வேலை செய்பவர்கள் செல்போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அவசரமென்றால் அலுவலகத்துக்குத்தான் போன் வரும். அதற்காகவே பண்டிகை நாளிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

"இனிமே ஆளு தேவயில்லங்க" என்றார் பாய், மேனேஜர் சோமசுந்தரத்திடம். "லீவு நாள்ல போன் வந்தா வாய்ஸ்மெயிலுக்குப் போயிடும். பேசுறத அது பதிஞ்சு வச்சுக்கும். சூப்பர்வைசர் வந்து பாக்கட்டும். செவப்பு லைட் எரிஞ்சா எடுத்துக் கேட்டா போதும்."

அறிவிப்பையும் அவரே எழுதினார்: "இன்று விடுமுறை. உங்கள் தகவலைச் சொல்லுங்கள். உடனே கவனிக்கப்படும்." உடனே என்ற சொல் ஒரு மரியாதைக்காகச் சேர்த்தது.

ஆயுத பூஜையன்று கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போனார். கம்ப்யூட்டர், பீரோ, நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். போனுக்கும் வைத்திருந்தார்கள், சரியாக அந்த விளக்கின் மேல். பாய் பார்த்தார். சாமிக்கு வைத்த பொட்டு. தான் கை வைத்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று கூசினார். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவர்களே துடைத்துவிடுவார்கள் என்று பொரிகடலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு.

மறுநாள் விஜயதசமி. அலுவலகம் பூட்டியிருந்தது, மைன்ஸ் ஓடியது. ஷிப்டில் இருந்த சிலம்பரசனின் தாய் வீரம்மாளுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் சூப்பர்வைசர் வந்து போனைப் பார்த்தார். விளக்கு எரிவது தெரியவில்லை. திரும்பிப் போனார். சிலம்பரசன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மகன் கையால் பால் ஊற்றாமலே அந்த உயிர் போய்விட்டது.

சில நாள் கழித்து டீக்கடையில்தான் பாய்க்குச் செய்தி வந்தது.

"போனே பண்லயாம் அந்த சிலம்பரசன் பொண்டாட்டி வெண்மதி. ஆபீஸ்ல கேட்டா எந்தத் தகவலும் வரலன்னுட்டாங்களாம். மாமியா போவட்டும்னு கம்முனு இருந்துட்டாளாம். புருஷங்காரன் அவள முத்தாண்டிக்குப்பத்துக்கு, அம்மா வூட்டுக்கே அனுப்பிட்டான்."

"போன் பண்ணேன், ஒரு பொம்பள எடுத்தா, ஒடனே கவனிக்கிறோம்னு சொன்னான்னு பொலம்பிகினு இருக்குதாம் அது. அந்த ஆபீஸ்ல ஏதுடா பொம்பள!"

சிரித்தார்கள். போனில் பேசிய அந்தப் பெண்குரல் யாருடையதென்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். எழுதியவன் நான், பழி அந்தப் பிள்ளை மேலா என்று பாய் நினைத்தார். பாதிக் கிளாஸை வைத்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனார்.

யாரையும் கேட்காமல் பொட்டைக் கட்டை விரலால் துடைத்தார். அடியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எடுத்துக் கேட்டார். சோமசுந்தரமும் கேட்டார்.

"அழிச்சுடுங்க பாய். வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும்தான் தலவலி. அடுத்த வருஷ மெயின்டனன்ஸும் உங்களுக்குத்தான்."

"அந்தப் பொண்ணு வூட்ட விட்டு வெளிய நிக்குதுங்க" என்றார் பாய். "அதயும் அவரயும் இங்க வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." தொழில் பேச்சைத் தவிர அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அந்த அலுவலகம் கேட்டதில்லை.

சாயங்காலம் மொட்டைத் தலையோடு சிலம்பரசன் வந்தான். வெண்மதி அப்பாவோடு வந்து கதவோரம் நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாய் பொட்டு மறைத்த கதையை ஒளிக்காமல் சொன்னார்.

"தப்பு எம்மேலதான் தம்பி. இந்தப் புள்ள பொய் சொல்லல. நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், சிலம்பரசன் வூட்டுலேர்ந்து பேசுறங்க. அத்தைக்கு மூச்சு இழுத்துகினு கெடக்குதுங்க. புள்ளயக் கேக்குது. சீக்கிரம் அனுப்பி வைங்க." பின்னால் ஒரு கிழக்குரல் "செலம்பு, செலம்பு" என்றது. சிலம்பரசன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்தது. "சார், பொழுது விடிஞ்சதுலேர்ந்து பாத்துகினு இருக்கோம். யாரும் ஊத்தக் கூடாதுன்னு நான் பாலத் தனியா வச்சிகினு இருக்கேன். அவுருதான் ஊத்தணும். சொல்லுங்க சார்."

கடைசியாக ஒன்று. வெகு நேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வெண்மதியின் குரல், மெதுவாக.

"சார், இனிமே அவுர அவசரப்படுத்தாதீங்க. அம்மா போய்டுச்சுன்னும் சொல்லிடாதீங்க. வண்டி ஓட்டிகினு வருவாரு. பாத்து, பதனமா வரச் சொல்லுங்க."

சிலம்பரசன் கதவோரம் நின்றவளிடம் போனான். அவள் இரண்டு கைகளையும் எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதான்.