உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரைகள். விடிந்ததும் நானும் மனைவியும் அவற்றில் இருந்தபடி கோப்பி குடிப்போம். கீழே உள்துறைமுகம் அரைத்தூக்கத்தில் கிடக்கும். கோப்பிக்குச் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. நாளுக்கு நாலு தரம். எனக்குச் சீனி வருத்தம் வந்த பிறகும் அதில் மாற்றமில்லை.

கிளினிக்கில் டொக்டர் கேட்பார்: "கோப்பிக்குச் சீனி போடுறனீங்களோ?"

"சீனியோ? எங்கட வீட்டில மருந்துக்கும் இல்லை!" என்பேன் பெருமையாக. மனைவியும் தலையாட்டுவாள். நாங்கள் பொய் சொல்லவில்லை. பனங்கட்டி உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடும் பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன்! இரத்தத்தில் சீனி இறங்கவில்லை; டொக்டர் குளிசையைக் கூட்டிக்கொண்டே போனார். கோப்பிதான் குழப்புகிறதோ என்று நாலை மூன்றாகக் குறைத்தும் பார்த்தேன்.

போன மாசியில் ஒரு காலை. துறைமுகம் முழுக்க வெள்ளை மூட்டம். கப்பல்களுக்கு விளிம்பே இல்லை. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. இவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததேயில்லை.

"இண்டைக்கு நல்ல பனி, என்ன?" என்றேன்.

"என்ன பனி? வெயிலெல்லோ எறிக்குது. அந்தக் கப்பலில உடுப்புக் காயப்போட்டிருக்கிறதும் தெரியுது."

வாயிலிருந்த பனங்கட்டி கரைந்துகொண்டிருந்தது. விழுங்கப் பயமாக இருந்தது.

கிளினிக்கில் கண்ணைப் பார்த்தார்கள். சீனி வருத்தத்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதாம். இம்முறை மனைவி பனங்கட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"கோப்பியில பிழையில்லை, ஐயா. சீனியைக் கோப்பையில போடாமல் கையில வச்சுக் கடிச்சிருக்கிறீங்கள். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. மிச்சத்தைக் காப்பாத்துவம்."

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் கோப்பி மட்டும் வந்தது. பழக்கதோஷத்தில் உள்ளங்கை தானாக விரிந்தது. முதல் மிடறு கைத்தது. கீழே அதே வெள்ளை மூட்டம்.

"கப்பலில இண்டைக்கும் உடுப்புக் காயுதோ?"

மனைவி எழுந்து நின்று பார்த்தாள். "ஓம். ஒரு சிவப்புச் சட்டை."

கோப்பி ஆறும்வரை அந்தச் சிவப்பைத் தேடினேன்.