கோழி கொத்திய ஆற்றங்கரைத் திட்டம்

ஆற்றங்கரைக்குத் திட்டம் போடுகிறவனுக்கு ஆற்றைப் பற்றி எல்லாம் தெரியும், கரையில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தவிர. நீங்களும் என்றாவது பந்தல் போட்டு, மைக்கைப் பிடித்து, ‘மக்கள் கருத்து’ கேட்டு நொந்தவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கதை ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், முல்லையாற்றங்கரை ஊர் ஒன்றில் மூடிக் கிடந்த பருத்தியில் கொட்டை பிரிக்கிற பழைய ஜின்னிங் மில்லையும் கரையையும் சீரமைக்க அரசாங்கத்துக்காக மதுரைக் கம்பெனி ஒன்று திட்டம் போட்டது. மக்களைக் கூட்டிப் பேச வைக்கிற வேலை எனக்கு. மில்லுக்குப் பின்னால், ஒரு காலத்தில் பருத்தி காயப்போட்ட சிமெண்டுக் களத்தில், பதினான்கு சலவைக் குடும்பங்கள் துணி காயப்போட்டுப் பிழைத்துவந்தன. என் ஒரு கையெழுத்தால் அந்தக் களம் பறிபோக இருந்தது. அந்தக் கூத்தும் இதில் உண்டு.

அரிசி மாவு வரைபடம்

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. தாளை விரித்தால் ஜனங்கள் மிரளுவார்கள் என்று, தரையிலேயே பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்வோம். கோலப்பொடி கொண்டுவாருங்கள் என்று பெண்களிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளியும் அதுவுமாகக் கல்மாவில் யார் கோலம் போடுவார்கள்? எல்லாரும் பச்சரிசி மாவோடு வந்துவிட்டார்கள். மில் வாசலில் ஆறு, பாலம், படித்துறை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் லட்சணமாக வந்தன.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஆறேழு கோழிகள் பஸ் ஸ்டாண்டை முடித்துவிட்டு ஆற்றில் இறங்கியிருந்தன. போட்டோகூட எடுக்கவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மில்லில் இருபது வருடம் மெஷின் ஓட்டிய சீனிச்சாமி அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “வெசனப்படாதீக தம்பி. ஆத்து மணலப் பூராம் மனுசன் தின்னு முடிச்சுட்டான். கோழி ரெண்டு கொத்து கொத்துனா என்ன வந்துரப் போகுது?”

ஐந்து தட்டு

அடுத்த கூட்டத்தில் எது முதலில் வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பூங்கா, நீரூற்று, நடைபாதை, படகுத்துறை, கழிப்பறை என்று ஐந்து தட்டு வைத்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, வேண்டியதில் போடச் சொல்வது முறை. புளியங்கொட்டைக்கு அலைய அலுப்புப்பட்டு நான் வறுத்த கடலை வாங்கிவிட்டேன். படித்த புத்தி.

கழிப்பறைத் தட்டில் கடலை குவிந்தது. மதுரையிலிருந்து வந்த எங்கள் ஆர்க்கிடெக்ட், எண்ணுவதற்கு முன் நாலு வார்த்தை பேசுகிறேன் என்று அரை மணி நேரம் பேசினார். கேட்பவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே, குவிந்து கிடக்கிற தட்டுக்குத்தானே கை போகும்? எண்ணப் போனபோது கழிப்பறைத் தட்டு துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. மூன்று கடலையோடு நீரூற்று முதலிடம். ‘மக்கள் விருப்பம் எங்கே போச்சு?’ என்று ஆர்க்கிடெக்ட் அதட்ட, சீனிச்சாமி அண்ணன் எழுந்தார்: “மக்க விருப்பம் மக்க வயித்துக்குள்ளதான் சார் இருக்கு. அது வெளிய வர்றதுக்குத்தான் கக்கூசு கேக்குறாக.”

புகைபோக்கியின் நினைவுகள்

ஆர்க்கிடெக்டுக்கு மில் புகைபோக்கியின் மேல் காதல். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார். அதன் அடியில் பழைய தொழிலாளர்களின் இனிய நினைவுகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று சீனிச்சாமி அண்ணன் முன்னால் டேப் ரிக்கார்டரை நீட்டினார். மில் சத்தம் நின்ற அன்று மனசு எப்படி இருந்தது என்று குரல் தழுதழுக்கக் கேட்டார்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். நானும் மூக்கை உறிஞ்சத் தயாராக இருந்தேன். அவர் சொன்னது இதுதான்: “உள்ள பூராம் பஞ்சுத் தூசி சார். இருவது வருசம் இருமுனேன். மில்ல மூடுனாக, இருமல் நின்னு போச்சு. பலகையில எழுதுனா அதையும் சேத்து எழுதுங்க.”

காலியிடம்

வரைபடம் அச்சாகி வந்தது. மில் கேட்டில் மாட்டினோம். சிமெண்டுக் களம் இருந்த இடத்தில் ‘காலியிடம், பயன்படுத்துவோர் இல்லை’ என்று போட்டு, அதன்மேல் நீரூற்றை வைத்திருந்தார்கள். சர்வே எடுத்தது வீரபாண்டி அம்மன் திருவிழா வாரம். அந்த வாரம் இந்தப் பக்கத்தில் எவன் வேலை பார்ப்பான்? சலவைக் குடும்பங்களும் பிள்ளை குட்டிகளோடு வீரபாண்டிக்குப் போய்விட்டன. சென்னையிலிருந்து வந்த சர்வேயர் ஒற்றை ஆளாகக் கரையை அளந்து பூஜ்யம் போட்டுவிட்டார். அவருக்குத் தெரியாது. நான் உத்தமபாளையத்துக்காரன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ வீரபாண்டியில் ராட்டினம் சுற்றிவிட்டு வந்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

களத்துக்காரர்களில் மூத்தவரான பேச்சியம்மா அந்த வரைபடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கத்துவார் என்று இரண்டடி பின்வாங்கினேன். அவர் கத்தவில்லை. நேரே வந்து என் சட்டைக் காலரைத் திருப்பினார். நான் தங்கியிருந்த லாட்ஜில் சலவைக்குப் போட்ட சட்டை. உள்பக்கம் மூன்று கறுப்புப் புள்ளி, யார் துணி என்று தெரியச் சலவைக்காரர்கள் வைக்கிற குறி. “இந்தா இருக்கு நான் வச்ச குறி. மூணு மாசமா ஒங்க சட்டை அந்தக் காலி எடத்துலதான் காயுது. அங்கன ஆரும் இல்லைன்னா, நீங்களும் இல்லாத ஆளுதான தம்பி?”

மூன்று கட்டம்

ஆர்க்கிடெக்டோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். நீரூற்றை நகர்த்தச் சம்மதித்தார். ஆனால் அரசாங்கப் படிவத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் வகை குறிக்க வேண்டும். இருந்தது மூன்றே கட்டம்: பொழுதுபோக்கு, சுற்றுலா, பாரம்பரியம். மூன்றில் ஒன்றில் டிக் இல்லாவிட்டால் களம் திட்டத்திலேயே இருக்காது. ‘பாரம்பரிய சலவைத்துறை’ என்று ஆர்க்கிடெக்ட் யோசனை சொன்னதும் துள்ளிக் குதித்துக்கொண்டு பேச்சியம்மாவிடம் ஓடினேன். துவைக்க அதே கல், அதே முறை, எதையும் மாற்ற மாட்டார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள் என்றேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

அவர் கையிலிருந்த பெட்ஷீட்டை என் கழுத்தென்று நினைத்து முறுக்கிப் பிழிந்தார். “எம் மக தேனியில நர்சுக்குப் படிக்கிறா. பாரம்பரியம்னு போர்டு மாட்டுனா, நாளைக்கு அவளையும் இந்தக் கல்லுல வந்து நிக்கச் சொல்லுவாக. போட்டோ எடுக்குறவுக வீட்டுப் பிள்ளைகளக் கொண்டாந்து நிப்பாட்டுங்க. எங்களுக்குத் தண்ணியும் வெயிலும் போதும். இங்கன நாங்க வேலை பாக்குறோம், அத மட்டும் எழுதுங்க.”

மூன்று கட்டத்துக்குக் கீழே பேனாவால் நாலாவது கட்டம் ஒன்று போட்டு, ‘வேலை’ என்று எழுதி, அதில் டிக் அடித்து அனுப்பினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, களம் தப்பியது. மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு பந்தலும் மைக்கும் போதும், அவர்கள் சொன்னதை எழுதத்தான் கட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.