மாப்பிள்ளை தந்த நூற்றுப்பத்து வோல்ட்

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனாலும் தொண்ணூறுகளில் பல்லடம் பக்கம் வீடு கட்ட நினைத்தவர்கள் முதலில் என்னைத்தான் தேடினார்கள். கொத்து வேலையிலிருந்து ஒயரிங் வரைக்கும் என் கை படாத வேலை கிடையாது. இதில் தன்னடக்கம் காட்ட என்ன இருக்கிறது?

அப்படித்தான் ஒரு விசைத்தறிக்காரர் வீடு. மறுநாள் கிரகப்பிரவேசம். சமையல் மேடைக் கல்லில் சிங்க் வைக்க ஓட்டை வெட்டுவது ஒன்றுதான் பாக்கி. தறிக்காரர் ஒரு புதுக் கட்டிங் மெஷினைப் பட்டுச்சேலை பிரிப்பதுபோலப் பிரித்தார். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை மாமனாருக்கென்று அனுப்பியது. அடியில் 110 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் லைன் 230.

"ஏனுங்ணா, கோயமுத்தூர்ல ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கியாந்து, கரண்டைப் பாதியாக் கொறச்சுத்தான் இதை ஓட்டோணுங்க. நேரா மாட்டுனாக் கருகிப்போயிருமுங்க."

அவர் சிரித்தார். "மேஸ்திரி, சுத்திலும் எங்க பங்காளிக தறி ஓடுது. இந்த லைன்ல பாதிக் கரண்டே வந்தாப் பெருசுங்க. ஸ்டெபிலைசர் முள்ளைப் பாருங்க, எந்திரிக்கவே மாட்டீங்குது. டிரான்ஸ்பார்மரு எதுக்குங்க?"

பார்த்தேன். பல்பு பீடி நெருப்புபோல எரிந்தது. முள் படுத்தே கிடந்தது. மனிதர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"சாயந்திரம் விசேஷத்துக்கு மாப்பிள்ள வந்தா, நானே வெட்டுனேன்னு சொல்லோணுமுங்க" என்று மெஷினையும் அவரே பிடித்தார். நன்றாகவே ஓடியது. மூன்று பக்கம் வெட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

விசேஷத்துக்கு முதல் நாள் பங்காளிகள் தறியை நிறுத்திவிட்டுப் பந்தல் போட வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரேதான் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். நாலாவது பக்கத்தில் அவர் மெஷினை வைத்ததும், தறிச் சத்தம் ஒவ்வொரு கொட்டகையாக அடங்கியது. பல்பு பளிச்சென்று ஆனது.

"அண்ணா, சுச்சை அமத்துங்க!" என்று கத்தினேன். மெஷின் என்னைவிட உரக்கக் கத்தி, புகையைக் கக்கி நின்றது.

அவர் மனைவி எட்டிப்பார்த்தார். "ஏனுங்க, பால் காச்சறது நாளைக்குத்தானுங்களே? இப்பவே பொகையுது?"

தறிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "மாப்பிள்ள மொதல் மொதலாக் குடுத்த சாமானுங்க மேஸ்திரி. வந்து கேட்டா எம் மூஞ்சியை எங்க வெக்கறது?"

மெஷினைத் தூக்கிக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். கோயமுத்தூரில் மோட்டார் காயில் சுற்றுகிறவர்களில் எனக்குப் பழக்கமில்லாத ஆள் யார்? பக்கத்திலேயே உட்கார்ந்து, இனி வம்பே வேண்டாமென்று கருகிய காயிலை 230க்கே சுற்றி வாங்கினேன். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, நாலாவது பக்கத்தையும் வெட்டிப்போட்டேன்.

மாப்பிள்ளை வந்ததும் மெஷினைத்தான் தேடினார். "டிரான்ஸ்பார்மர் இல்லாமயா ஓட்டுனீங்க மாமா?" சுவிட்சைப் போட்டார். ஜம்மென்று ஓடியது. "அடேங்கப்பா! ரெண்டு ஊருக் கரண்டும் தாங்குமாட்ட இருக்குதே! அப்ப இதை நானே கொண்டுபோறனுங்க மாமா, அங்க ஊட்டுல வேலை கெடக்குது. உங்களுக்கு வேற அனுப்பறேன்."

அந்த ஊர்க் கரண்டில் இனி இந்த மெஷின் முனகத்தான் செய்யும். குட்டு உடைந்துவிடும். தறிக்காரர் என்னைப் பார்த்தார். நான் பந்தலைப் பார்த்தேன். அவர் சட்டென்று மெஷினை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க மாப்பிள்ள. நீங்க ஆசையாக் குடுத்தது. எத்தனை புதுசு வந்தாலும் இதை உட்டுத்தர மாட்டனுங்க."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார்.